நாற்பத்தேழாம் வினா

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் எட்டாந் திகதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் ஒன்பது மணிக்கு, கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரத்துப் பொது மண்டபத்தில் முட்டை வாங்குவோர் சங்கமம் ஒன்று நடத்தப்பட்டது. அன்று மகா சிவராத்திரி. சைவர்கள் பச்சைத் தண்ணீரும் பருகாமல் இருக்க முயலும் நாள். கத்தோலிக்கர்களுக்கோ அது தவக்காலத்து வெள்ளி. ஆண்டின் முந்நூற்று அறுபத்தாறு நாள்களையும் சலித்தெடுத்து, முட்டையைக் கையால் தொடவும் ஆளில்லாத ஒரே நாளைக் கண்டுபிடித்த பெருமை, வாழ்வாதாரச் சந்தை இணைப்பகம் என்னும் நிறுவனத்துக்கு உரியது.

வாங்க ஒருவரும் வரவில்லை. அதை மன்னிக்கலாம். வந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதை மன்னிக்க முடியாது. குறை அதுவே. அதனை விளக்கச் சிற்றம்பலம் என்பவரின் வீட்டு வளவிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் வசிக்கும் வாய்க்கால் வீதியில் இருபத்தெட்டு வீடுகள். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் இணைப்பகம் அந்த இருபத்தெட்டு வீடுகளுக்கும் வீட்டுக்கு ஐம்பது கோழிக்குஞ்சு வழங்கியது. ஒரு வீடும் விடுபடவில்லை. விடுபட்டிருந்தால் அந்த வீட்டார் மற்றவர்களிடம் முட்டை வாங்கியிருப்பார்கள். ஐந்தாம் மாதத்தில் வீதி முழுவதும் கொக்கரித்தது. எல்லாரிடமும் முட்டை இருந்தது. எவருக்கும் முட்டை தேவைப்படவில்லை. அயலவர் வீட்டுக்குக் அன்பளிப்பாகவும் முட்டை கொண்டுபோக முடியாத நிலை தோன்றிற்று. கிளிநொச்சிக் கடைக்காரர்கள் தென்பகுதியிலிருந்து லொறியில் வரும் வெள்ளை முட்டைகளுக்குப் பழகியிருந்தார்கள். "ஒரே நிறம், ஒரே அளவு, ஒவ்வொரு நாளும் முந்நூறு தருவியளோ?" என்று கேட்டு, தர முடியாதென்று அறிந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்த வீதியில் முட்டையை மிச்சமின்றி விற்றவர் ஒருவரே. அவர் சிற்றம்பலத்தின் மனைவி ஜெகதீஸ்வரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியுமுன்னரே, சைக்கிளின் பின்னால் இரண்டு தட்டு முட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். எட்டு மணிக்கு வெறுந் தட்டுகளோடு திரும்புவார். சில நாள்களில் தட்டில் ஒரு பிடி முருங்கையிலை இருக்கும். ஒரு முறை, எவரோ மடித்துக் கொடுத்த பிறந்தநாள் கேக்குத் துண்டு இருந்தது.

எங்கே விற்கிறாய் என்று சிற்றம்பலம் கேட்டதில்லை. கேட்டது ஒரேயொரு தடவை. "உங்களுக்குச் சொன்னால் அது தேத்தண்ணிக் கடைக்குப் போயிடும். பிறகு இருபத்தேழு சைக்கிள் எனக்குப் பின்னாலை வரும்" என்று அவர் சொன்னார். அதில் உண்மை இருந்தபடியால் சிற்றம்பலம் சிரித்தார்; மறுபடி கேட்கவில்லை. இருபத்தெட்டு வீடும் ஒரே பொருளை விற்கும் வீதியில், வாங்குபவரின் வீடு எதுவென்பதை எவரும் எவருக்கும் சொல்வதில்லை. நகையைப் போல அதைப் பூட்டி வைப்பார்கள்.

ஐப்பசி மாதத்து மழை நாளொன்றில், அடுப்பில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கையில், ஜெகதீஸ்வரி குசினி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். பிறகு எழும்பவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய கைப்பேசியில் மூன்று எண்களே இருந்தன: கணவர், வவுனியாவில் இருக்கும் தங்கை, இணைப்பகம். வாங்கியவர்களில் ஒருவருடைய எண்ணும் இல்லை. அது வாசலில் நின்று மணியடித்து விற்கும் உறவு; எண் எதற்கு?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் சிற்றம்பலம் முட்டையைத் தட்டில் அடுக்கி, அதே சைக்கிளில், அதே நேரத்தில் புறப்பட்டார். வாய்க்கால் மதகடியில் வீதி இரண்டாகப் பிரிகிறது. இடப்புறம் போனால் கிளிநொச்சி நகரத்துப் பின்தெருக்கள். வலப்புறம் போனால் குடியிருப்புகள். அங்கே ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பெண், இந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவருக்குத் தெரியவில்லை. பால் கொண்டுபோகிறவன் ஒருவன், "ஐயா, காத்துப் போட்டுதோ?" என்று கேட்டான். "இல்லைத் தம்பி, சும்மா நிக்கிறன்" என்றார். வெயில் ஏறிய பின் திரும்பி வந்தார்.

அயல்வீட்டு இராசமலரிடம் கேட்டுப் பார்த்தார்.

"அண்ணை, அவா பெல் அடிச்சுக்கொண்டு போவா. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் எழும்புறனான். எங்கை போறா எண்டு நான் கேக்கேல்லை. கேட்டால் சொல்லவும் மாட்டா. நானும் சொல்லியிருக்க மாட்டன்" என்றார் இராசமலர். சற்றுப் பொறுத்து, "இப்ப எனக்குப் பிந்தித்தான் விடியுது" என்றும் சொன்னார்.

அதற்குள் மாங்குளத்து இறைச்சிக் கோழி வியாபாரி வாசற் படலைக்கு வரத் தொடங்கிவிட்டான். அவனுடைய மோட்டார்ச் சைக்கிளின் பின்னால் கம்பிக்கூடு ஒன்று உண்டு. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நல்லாய்க் கொழுத்திருக்கு. முட்டையை ஆர் வாங்கப்போகினம்? பேசாமல் தாங்கோவன் ஐயா" என்பான். மிஞ்சியிருந்தவை நாற்பது கோழிகள். ஒவ்வொன்றையும் ஜெகதீஸ்வரி குஞ்சிலிருந்து கையில் தூக்கி வளர்த்தவர். சிற்றம்பலம் ஒரு தவணை சொன்னார்: பங்குனி முடியட்டும். அதற்குள் முட்டை வாங்குவோர் கிடைத்தால் கோழிகள் நிற்கும். கிடைக்காவிட்டால் கூட்டில் ஏறும்.

இந்த வேளையில் இணைப்பகத்தின் கடிதம் வந்தது. உறையில் "திருமதி ஜெகதீஸ்வரி சிற்றம்பலம்" என்றிருந்தது. முட்டை வாங்குவோரை இனங்காணும் பயிற்சியில் "தாங்கள் பங்குபற்ற வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது" என்று உள்ளே எழுதியிருந்தது. தீர்மானித்தவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. இணைப்பகத்தின் வாக்கியங்களில் ஒரு செயலையும் ஒருவரும் செய்வதில்லை. எல்லாம் தாமாகவே செய்யப்பட்டுவிடும்.

சிற்றம்பலம் போனார். பெயர் வாசித்தவர் ஸ்ரீபன் என்னும் கள அலுவலர். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்த இளைஞர். செத்தவீட்டுக்கு வந்து கதிரை தூக்கியவர்.

"ஜெகதீஸ்வரி சிற்றம்பலம்" என்று வாசித்தவர், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

சிற்றம்பலம் எழுந்தார். "தம்பி, அவா..."

"ஐயா, தெரியும்" என்று ஸ்ரீபன் மெல்லச் சொன்னார். "ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. பேர் வெட்டுப்பட்டால் நாங்கள் தாற கோழித்தீனும் நிண்டுபோம்."

"ஓம்" என்று வரவு சொன்னார் சிற்றம்பலம். மண்டபத்தில் எவரும் சிரிக்கவில்லை.

பயிற்சியின் முதற் பாடம், வாங்குபவர் என்பவர் யார் என்பதாகும். திரையில் கழுத்துப்பட்டி அணிந்த ஒருவர் தோன்றினார். "அவரைக் கண்ணை மூடிக்கொண்டு மனத்தில் காணுங்கள், அவர் உங்களை நோக்கி நடந்து வருகிறார்" என்று பயிற்சி நடத்திய வளவாளர் கட்டளையிட்டார். இருபத்தெட்டுப் பேரும் கண்ணை மூடினார்கள். சிற்றம்பலத்தின் மனத்தில் ஒரு சைக்கிள் அவரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. மதியம் சோற்றுப் பொதி கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி அவித்த முட்டை. லொறியில் வந்த வெள்ளை முட்டை.

இவ்வாறு நான்கு பயிற்சிகள் நிகழ்ந்தன. முதல் நாள் நாக்குப் புரளாமல் சொன்ன "ஓம்", நான்காம் நாளில் பெயர் முடிவதற்கு முன்னரே வந்துவிட்டது. வீட்டில் அந்தப் பெயரை எவரும் அழைப்பதில்லை. கோயிலில் நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்வதும் நின்றுவிட்டது. மாதத்துக்கு ஒரு முறை, அந்த மண்டபத்தில் மட்டும், ஜெகதீஸ்வரி என்று ஒருவர் உரத்துக் கூப்பிட்டார். பயிற்சி பயனற்றது என்பதைச் சிற்றம்பலம் அறிவார். ஆயினும் ஒரு நாளும் தவறவில்லை.

நான்காம் பயிற்சியில் பணிப்பாளர் தாட்சாயினி அம்மையார் நேரில் வந்து வரைபடம் ஒன்றைக் காட்டினார். "தமது முயற்சியால் வாங்குவோரை இனங்கண்ட பயனாளிகள்: ஒருவர்" என்று அதில் இருந்தது. அந்த ஒருவர் ஜெகதீஸ்வரி. கோழி வழங்கிய சில மாதங்களின் பின் எடுத்த அடிப்படைக் கணிப்பீட்டுப் படிவத்தில், "தற்போது உம்மிடம் வாங்குவோர் யாவர்? விபரம் தருக" என்ற நாற்பத்தேழாம் வினாவுக்கு, வீதி முழுவதிலும் அவர் மட்டுமே விடை கொடுத்திருந்தார்.

சிற்றம்பலம் மதகடியில் நின்று தேடிய விடை, இத்தனை நாளும் கிளிநொச்சியில் ஓர் இரும்பு அலுமாரியில் இருந்திருக்கிறது.

மறுநாட் காலை முதற் பேருந்தில் அங்கே போனார். மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பதினொரு மணிவரை வாங்குப் பலகையில் இருத்திய பின் பணிப்பாளர் அழைத்தார்.

"மிஸ், அந்த நாப்பத்தேழாம் கேள்விக்கு அவா சொன்னதை ஒருக்காப் பாக்க வேணும்."

"ஐயா, அது அவவின்ரை தனிப்பட்ட தகவல். பயனாளியின்ரை தகவலைப் பாதுகாக்கிறதுதான் எங்கடை முதற் கடமை. கணவருக்கும் காட்டேலாது. பெண்களின்ரை உரிமையை நாங்கள் அப்பிடி மதிக்கிறம்."

"அவா இல்லை, மிஸ். ஐப்பசியிலை மோசம் போட்டா."

பணிப்பாளர் கணினியைப் பார்த்தார். "இல்லையெண்டு எங்கடை பதிவிலை இல்லையே. நாலு பயிற்சிக்கும் வந்திருக்கிறா. வரவு நூறு வீதம். மாவட்டத்திலையே அவாதான் முதலாவது."

"வந்தது நான்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ ஐயா. அது பொய் வரவாகிப் போம். உங்களுக்கும் கரைச்சல், ஸ்ரீபனுக்கும் கரைச்சல்."

"மரண அத்தாட்சிப் பத்திரம் கொண்டு வந்திருக்கிறன்."

"தாங்கோ, பதியலாம்" என்றார் பணிப்பாளர் கனிவோடு. "பதிஞ்சால் கோப்பு மூடப்படும். மூடின கோப்பு கொழும்புக்கு அனுப்பப்படும். அங்கையிருந்து ஒண்டும் திரும்பி வந்ததில்லை. கோழியள் மீளப் பெறப்பட்டுப் பொருத்தமான வேறொரு பயனாளிக்குக் கையளிக்கப்படும்."

"எங்கடை வீதியிலை எல்லாரிட்டையும் கோழி இருக்கு, மிஸ்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். மூடாமல் இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. அவா நேரிலை வந்து ஒரு கையெழுத்து வைச்சால் அஞ்சு நிமிசத்திலை பிரதி தரலாம். நாங்கள் ஆரையும் அலைக்கழிக்கிறதில்லை."

உயிரோடு இருக்கிறாரென்றால் நேரில் வர வேண்டும். இறந்துவிட்டாரென்றால் விடையும் போய்விடும், கோழியும் போய்விடும். சிற்றம்பலம் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே வந்த பத்திரத்தை மீண்டும் உள்ளே தள்ளினார். அந்த அலுவலகத்தில் ஜெகதீஸ்வரி சாகவில்லை. திரும்பும் பேருந்தில், பழக்கதோஷத்தினால், யன்னலோரத்து இருக்கையை வெறுமையாக விட்டுவிட்டு இப்பால் அமர்ந்தார்.

மார்ச் எட்டு வந்தது. மண்டபத்து வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் விற்போருக்கு இருபத்தெட்டுக் கதிரைகள்; மறு பக்கம் வாங்குவோருக்கு இருபத்தெட்டு. விற்போர் விரத முகத்தோடு, குளித்துத் திருநீறு பூசி, முட்டைத் தட்டைத் தொடாமல் துணியால் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மறுபக்கக் கதிரைகள் பத்து மணிக்கும் வெறுமையாக இருந்தன.

"மிஸ், இண்டைக்குச் சிவராத்திரி" என்று இராசமலர் எழுந்து சொன்னார். "இண்டைக்கு முட்டையைக் கண்டாலே ஆக்கள் அங்காலை திரும்பியெல்லோ போவினம்."

"இன்றைக்கு உலக மகளிர் தினமும் ஆகும்" என்றார் பணிப்பாளர். "சிவராத்திரி உங்களுடைய நாள்காட்டியில் மட்டும்தான் இருக்கிறது. மகளிர் தினம் எங்களுடைய ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறது."

ஸ்ரீபன் பின்னாலிருந்து, "எங்கடை ஆக்களுக்கும் தவக்காலம், மிஸ்" என்றார். அவருடைய பங்களிப்புக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது.

பதினொரு மணிக்குப் படப்பிடிப்பாளர் அவசரப்பட்டார். வெறுங் கதிரையைப் படமெடுக்க முடியாது. ஆகவே, விற்போரில் பதினான்கு பேர் எழுந்து எதிர்ப்பக்கத்தில் அமருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவர்களின் சட்டையில் "வாங்குபவர்" என்ற அட்டை குத்தப்பட்டது. இராசமலர் வாங்குபவரானார். அவருக்கு எதிரே சிற்றம்பலம் விற்பவராக இருந்தார்.

"எப்பிடி அண்ணை முட்டை?" என்றார் இராசமலர், பணித்தபடி.

"நேற்று இட்டது."

"என்ரையும் நேற்று இட்டதுதான். பாத்து எடுங்கோ, மேல்தட்டிலை ஒண்டு கீறல்."

தட்டுகள் கைமாறின. படம் எடுக்கப்பட்டது. "பதினான்கு நிலையான சந்தை இணைப்புகள்" என்று வெண்பலகையில் எழுதப்பட்டது. முட்டை வடிவத்தில் செய்த பெரிய கேக்கு ஒன்றைப் பணிப்பாளர் வெட்டினார். பன்னிரண்டு முட்டை அடித்த கேக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஒருவரும் வாய் வைக்கவில்லை. ஈக்கள் மட்டும் எந்த விரதமும் அநுட்டிக்கவில்லை.

பின்னர் பணிப்பாளர் உரையாற்றினார்.

"வாங்குவோர் இல்லை என்று சிலர் முறைப்படுகிறார்கள். வாங்குவோர் இல்லாததற்கு இணைப்பகம் பொறுப்பாகாது. எங்கள் பொறுப்பு இணைப்பது மட்டுமே. இணைப்பதற்கு இருபுறமும் ஆள்கள் இருக்க வேண்டும் என்பது பழைய சிந்தனை. ஒரு பெண் மனம் வைத்தால் எதுவும் முடியும். அதற்கு உயிருள்ள சான்று இந்த மண்டபத்திலேயே இருக்கிறார். இவ்வாண்டின் மிகச் சிறந்த பெண் முயற்சியாளர், திருமதி ஜெகதீஸ்வரி சிற்றம்பலம்!"

"ஓம்" என்றார் சிற்றம்பலம், தம்மை அறியாமலே.

கைதட்டினார்கள். அவர் மேடைக்கு நடந்தார். அவருடைய தோளில் சேலை ஒன்று போர்த்தப்பட்டது. மகளிருக்கென வாங்கிய சேலை. கண்ணாடியில் செதுக்கிய கோழி கையில் வைக்கப்பட்டது. "இரண்டு வார்த்தை" என்று ஒலிவாங்கி நீட்டப்பட்டது.

"இந்தச் சீலை வேண்டாம். இந்தக் கண்ணாடிக் கோழியும் வேண்டாம்" என்றார் சிற்றம்பலம். ஒலிவாங்கி கீச்சிட்டது. "அவா சொன்னதை மட்டும் தாங்கோ. அவாவிட்டை முட்டை வாங்கினவை ஆர் எண்டு எனக்குத் தெரிய வேணும். பங்குனிக்குப் பிறகு கோழியள் இல்லை."

"என்ன அடக்கம்!" என்றார் பணிப்பாளர். மீண்டும் கைதட்டல் எழுந்தது. ஒலிவாங்கி திரும்பப் பெறப்பட்டது.

எல்லாரும் போன பின், சிற்றம்பலம் சேலையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, இராசமலரின் முட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்ரீபன் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.

"ஐயா, ஒரு விசயம். அந்தப் படிவத்தை நிரப்பினது நான்."

சிற்றம்பலம் நிமிர்ந்தார்.

"அதிலை பேர் இல்லை ஐயா. அம்மாவுக்கு ஒருத்தற்ரை பேரும் தெரியாது. பச்சைக் கேற்று வீடு எண்டா. கால் ஏலாத ஒரு ஐயா எண்டா. இப்பிடித்தான் ஒவ்வொருத்தரைப் பற்றியும் சொன்னவா. தேத்தண்ணி தந்து அரை மணித்தியாலம் சொன்னவா. ஆனால் படிவத்திலை இருந்தது பேருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் மொத்த எண்ணிக்கைக்கும் மட்டும் இடம். வேறை எழுதினால் கணினி ஏற்காது. நான் பேனையை வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

"அப்ப என்ன எழுதினனீர்?"

"ஏழு எண்டு எழுதினனான்."

"ஏழோ?"

"ஓம் ஐயா. ஏழு. வேறை ஒண்டும் இல்லை."

அலுமாரியில் பூட்டி, உரிமை என்றும் அந்தரங்கம் என்றும் சொல்லிக் காத்த விடை அவ்வளவுதான். சிற்றம்பலம் கயிற்றை முடிச்சிட்டார். பிறகு, "நினைவிருக்கிறதைச் சொல்லும் தம்பி" என்றார்.

ஸ்ரீபன் வெட்கத்தோடு யோசித்தார். "அவ்வளவா இல்லை ஐயா. ஒரு வீட்டிலை கதைச்சுக்கொண்டு நிண்டுதான் தனக்கு எப்பவும் பிந்துறது எண்டவா. அந்த வீட்டுக்காரிக்குக் கதைக்க ஒருத்தரும் இல்லையாம். அதாலை அந்த வீட்டைக் கடைசியா வைச்சிருக்கிறன் எண்டவா."

சிற்றம்பலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். மதகடியில் நின்றார். விரதக்காரர்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எவரோ, "வாறியளோ அண்ணை?" என்றார்கள். "நீங்கள் நடவுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் அந்த இரண்டு வீதிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இணைப்பகத்தின் ஆண்டறிக்கை அச்சாகிவிட்டது. அதன் அட்டையில் சேலை போர்த்திய சிற்றம்பலம் இருக்கிறார். படத்தின் கீழே அவருடைய மனைவியின் பெயர் இருக்கிறது. இணைப்பகத்தாரிடம் கேட்பதற்கு இனி எதுவும் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சென்ற ஆண்டில், கிளிநொச்சிப் பக்கத்தில், விடியற்காலையில் சைக்கிள் மணியடித்து வந்த ஒரு பெண்ணிடம் நீங்கள் முட்டை வாங்கினீர்களா? ஐப்பசிக்குப் பிறகு அவர் ஏன் வரவில்லை என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? உங்கள் படலை பச்சை நிறமா? கால் ஏலாமல் கதிரையில் இருந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்களா? அவரைக் கடைசியாக மறித்து வைத்துக் கதைத்த பெண்மணி நீங்களா? நீங்கள் ஏழு பேர். உங்களுக்கு அவருடைய பெயர் தெரியாதிருக்கலாம், இப்போது சொல்லிவிட்டேன். பங்குனி முடிவதற்குள் புறப்பட்டு உருத்திரபுரத்து வாய்க்கால் வீதிக்குப் போங்கள். கோழிச் சத்தம் எல்லா வீட்டிலும் கேட்கும். வாசலில் ஒருவர் தனியே இருக்கும் வீட்டில் நில்லுங்கள். படலையில் நின்று, ஜெகதீஸ்வரி என்று உரத்துக் கூப்பிடுங்கள்.

"ஓம்" என்று ஒருவர் எழுந்து வருவார்.